பால்கனியில் இருக்கும் ஜெனரேட்டரைப் பற்றி

ஆல்பர்ட்,

அப்பா இந்தக் காகிதத்தை உன் கையில் கொடுத்ததும், படிக்க உட்காரும் முன்பு ஒரு காரியம் செய். அந்த ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடு. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திற. சாரல் அடித்தால் அடிக்கட்டும், தரை நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். ஷீலாவை வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வை. அதற்குப் பிறகு படி. பாதியில் மடித்து வைத்துவிடாதே. அம்மா எப்போதும் இப்படித்தான் என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள், ஆனால் முழுக்கப் படி.

காலையில் நீ காயின் போனிலிருந்து பேசியபோது பின்னால் மழைச் சத்தமும், யாரோ "சீக்கிரம் முடிப்பா" என்று அலுத்துக்கொள்வதும் கேட்டது. உங்கள் பக்கம் டிரான்ஸ்பார்மரைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறது, வடிந்தால்தான் கரண்ட் விடுவார்கள் என்றாய். செல்லில் சார்ஜ் இல்லை, மாசமாக இருக்கும் ஷீலாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது, புழுக்கத்திலும் கொசுவிலும் அவளால் கண் மூட முடியவில்லை என்றாய். அதனால் நண்பனிடமிருந்து சின்ன ஜெனரேட்டர் ஒன்றைக் கொண்டுவந்து பால்கனியில் வைத்திருப்பதாகச் சொன்னபோது உன் குரலில் ஒரு பெருமை இருந்தது. "ராத்திரிக்கு மட்டும்தாம்மா போடறோம். மழையும் படாது, எவனும் தூக்கினும் போவ மாட்டான். பால்கனி கதவ சாத்திட்டா சத்தமும் தெரியல." நான் "உள்ள வெக்காதடா" என்று கத்தினேன். "உள்ள இல்லம்மா, பால்கனிலதான் கீது" என்றாய். லைன் போய்விட்டது. அதன் பிறகு எங்கள் வீட்டு போனும் செத்துவிட்டது.

மணலிப் பக்கம் போகும் பஸ் மதியத்துக்கு மேல்தான் ஓடும் என்கிறார்கள். இருட்டுவதற்குள் உன்னிடம் வந்துவிட வேண்டும் என்று அப்பா இப்போதே சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் முழங்காலோடு அந்தத் தண்ணீரில் நான் நடக்க முடியாது. அவர் வந்து சொல்லுவார் என்று நினைக்காதே. இதை அவர் வாய்விட்டுச் சொல்லி நான் இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். சுருக்கமாக எழுதினால் நீ தலையை ஆட்டிவிட்டு ராத்திரி மறுபடியும் அதைப் போட்டுவிடுவாய். அப்பாவின் பிள்ளைதானே நீ.

உன் பெரியப்பா இறந்த மழைக்காலத்தை உனக்கு நினைவிருக்கும். எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய், நல்ல காய்ச்சல். உன்னைப் பக்கத்து வீட்டு டீச்சரிடம் விட்டுவிட்டு நாங்கள் ராயபுரத்துக்குப் போனோம். பெரியப்பா செத்துப்போனதும், அவர் மகள் ஸ்டெல்லா அக்காவுக்குக் குழந்தை தங்கவில்லை என்பதும்தான் உனக்குத் தெரியும். நாங்கள் அவ்வளவுதான் சொன்னோம். துக்கத்தில் கர்ப்பம் கலைந்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள், நாங்களும் அதை மறுக்கவில்லை. நடந்தது அதுவல்ல.

அந்த வருஷம் புயல் கரையைக் கடந்த பிறகும் மழை விடவில்லை. ராயபுரம் முழுக்க இருட்டு. மரம் விழுந்து கம்பிகள் அறுந்து தெருத் தண்ணீரில் கிடந்தன. எந்தக் கம்பியில் கரண்ட் இருக்கிறது, எதில் இல்லை என்று தெரியாமல் ஜனங்கள் சுவரோரமாகக்கூட நடக்கப் பயந்தார்கள். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் காலமெல்லாம் வேலை செய்த மனுஷன் உன் பெரியப்பா. ஓய்வு பெற்ற பிறகு இதயம் பலவீனமாகிவிட்டது. காலையில் கஞ்சி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டார். சத்தமில்லாத சாவு. பெரியம்மா தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து தொட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்ததாம்.

லாரன்ஸ் அண்ணன் மஸ்கட்டில் இருந்தான். ஒரே பையன். எப்படியோ தகவல் போய்ச் சேர்ந்தது. புறப்பட்டுவிட்டேன், அப்பா முகத்தைப் பார்க்காமல் மூடிவிடாதீர்கள் என்று அழுதானாம். ஆனால் மழையில் விமானம் எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. உன் அப்பா அங்கேயே முடிவெடுத்துவிட்டார். "எங்கண்ணன அவன் பாக்காம பொதைக்க மாட்டேன். எத்தினி நாள் ஆனாலும் செரி." ஐஸ் பெட்டி வந்தது. கரண்ட் இல்லாததால் அதோடு ஜெனரேட்டரும் வந்தது. பெட்டி கொண்டுவந்த ஆள் அதை வாசலுக்கு வெளியே, திண்டு போல ஒரு மேடை போட்டு, தார்ப்பாய் கட்டி வைத்துவிட்டுப் போனான். அது அங்கேயே இருந்திருக்கலாம்.

மறுநாள் காலையில் காற்று திசை மாறி அடித்தது. தார்ப்பாய் கிழிந்தது. ஜெனரேட்டர் நனைந்து இருமி இருமி நின்றுவிட்டது. பெட்டிக்குள் குளிர் குறையக் குறைய, உன் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண்ணாடியில் ஆவி படிந்து அண்ணன் முகம் மங்குவதை அவரால் பார்க்க முடியவில்லை. அந்த வீட்டுக்குப் பின்னால், சமையலறைக்கும் மதில் சுவருக்கும் நடுவில், ஒரு நடை இருந்தது ஞாபகமிருக்கிறதா? மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்டது, நீங்கள் சின்ன வயதில் ஒளிந்து விளையாடுவீர்களே, அங்கே. அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் ஜெனரேட்டரை வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு வந்து, ஹாலைக் கடந்து, அந்த நடையில் வைத்தார்கள். துடைத்து, காயவைத்து, கயிற்றை இழுத்ததும் அது ஓடியது. மழை படாத இடம், திருட்டுப் பயமில்லாத இடம். எல்லாருக்கும் நிம்மதி. நீ காலையில் போனில் சொன்னாயே, அதே நிம்மதி.

புகை வந்தது. அதனால் சமையலறைப் பின்கதவைச் சாத்தி, கீழே சாக்கை நனைத்துச் சொருகினார்கள். புகை நாற்றம் நின்றது. நாற்றம் நின்றதால் ஆபத்தும் நின்றது என்று நினைத்தோம். கதவுக்கு மேலே காற்றுக்காக விட்டிருந்த ஜாலித் துளைகளையோ, உள் அறையின் சின்ன ஜன்னல் அந்த நடையைப் பார்த்துத் திறப்பதையோ ஒருவரும் யோசிக்கவில்லை. முன்பக்க ஜன்னல்களைச் சாரலுக்காக ஏற்கனவே அடைத்திருந்தோம். ஹாலில் பெட்டியைச் சுற்றி மெழுகுவர்த்திகள் எரிந்தன. ஊதுவத்தி, சம்பங்கி மாலை, ஈரப் பாய், மனித வியர்வை, இத்தனை வாசனைக்கு நடுவில் வேறு எதுவும் தெரியவில்லை. ஒன்று சொல்கிறேன் கேள். அந்த மெழுகுவர்த்திகள் கடைசிவரை நன்றாகத்தான் எரிந்தன. விளக்கு எரிந்தால் காற்று சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

ஆண்கள் எல்லாரும் தெருவில், ஷாமியானாவுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் உள்ளே. சாவு வீட்டில் அதுதானே வழக்கம். அவர்கள் காற்றில் இருந்தார்கள், நாங்கள் பெட்டியோடு இருந்தோம். நாங்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். நடுவில் யாராவது ஒருத்தி ஒப்பாரி எடுப்பாள், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். மதியத்துக்கு முன்பே எனக்குத் தலைவலி பிடித்துக்கொண்டது. நெற்றியைக் கயிறு போட்டு இறுக்குவது போல. அழுததால் என்று நினைத்தேன். பெரியம்மாவுக்கு வாந்தி வந்தது. வெறும் வயிறு என்றார்கள். ஒரு அத்தை எழுந்திருக்கப் போய்க் கால் தடுமாறி உட்கார்ந்தாள். ராத்திரித் தூக்கமில்லை என்றார்கள். சாவு வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கும், ஆல்பர்ட். மழைக்காலத்தில் கர்ப்பிணிப் பெண் இருக்கும் வீட்டிலும் அப்படித்தான். தலை சுற்றினால் பித்தம், வாந்தி வந்தால் மசக்கை, அசதி என்றால் கால் வீக்கம்.

ஸ்டெல்லா எண்ணூரிலிருந்து வந்திருந்தாள். ஏழாம் மாதம். அப்பா மேல் உயிரையே வைத்திருந்தவள். பெட்டிமேல் கன்னத்தை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாள். "அப்பா, உன் பேத்தியோ பேரனோ, காது கேக்குதாம்ப்பா இப்பவே, நீ எதுனா பேசு." கேட்டுக்கொண்டிருந்த எங்களால் தாங்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளும் தலை நோகிறது என்றாள். எல்லாருமாகச் சேர்ந்து அவளை உள் அறைக்கு அழைத்துப் போய்க் கட்டிலில் படுக்க வைத்தோம். காற்று படக்கூடாது என்று போர்வை போர்த்தி, கதவை ஒருக்களித்துவிட்டு வந்தோம். அந்தக் கட்டிலின் தலைமாட்டில்தான் நடையைப் பார்த்த ஜன்னல்.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது இல்லையா, மாடி வீட்டு பாத்திமாதான் எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாவம், அவளே மண்ணெண்ணெய்க்குத் திண்டாடிக்கொண்டிருந்தவள். அவளுக்கு உதவியாக நான் மாடிக்குப் போனேன். மொட்டை மாடிக்குப் போகும் கதவு திறந்து கிடந்தது, ஸ்டவ்வை அந்த வாசலுக்கு அருகில் வைத்திருந்தாள். ஈரக் காற்று முகத்தில் அடித்தது. டம்ளர்களைக் கழுவி, டீயை வடிகட்டி, இரண்டாவது பாத்திரம் கொதிக்கும்வரை அவளோடு பேசிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன், தலைவலி இல்லை. பாத்திமாவிடம் சொன்னேன். "டீ வாசனைக்கே போய்ட்ச்சி பாரு" என்று சிரித்தாள்.

டீத் தட்டோடு கீழே இறங்கி வந்து வாசற்படியில் நின்றேன். உள்ளே அழுகைச் சத்தமே இல்லை. ஜெனரேட்டர் மட்டும் ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஜெபமாலை சொன்ன பெண்கள் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் வாய் திறந்திருந்தது. ஒருத்தியின் கையிலிருந்து ஜெபமாலை நழுவித் தரையில் கிடந்தது. எல்லார் முகமும் செக்கச் செவேல் என்று, காய்ச்சல் வந்தது போல இருந்தது. பெரியம்மா மட்டும் கண்ணைத் திறந்திருந்தாள், ஆனால் என்னைப் பார்த்து யாரென்று தெரியாதவள் போல விழித்தாள். உள்ளே பத்து அடி வைப்பதற்குள் எனக்கு மறுபடியும் அந்தக் கயிறு நெற்றியை இறுக்கியது. மாடியில் இல்லாத வலி இங்கே வருகிறது. எனக்கு அப்போது விஷவாயு என்றெல்லாம் தெரியாது. இந்த வீட்டுக்குள் ஏதோ சரியில்லை என்பது மட்டும் தெரிந்தது.

ஸ்டெல்லாவின் அறைக்கு ஓடினேன். கூப்பிட்டேன், கன்னத்தைத் தட்டினேன், தோளைப் பிடித்து உலுக்கினேன். மூச்சு இருந்தது. ஆனால் துணிமூட்டை போலக் கையில் துவண்டாள். நான் கத்திய கத்தலில் உன் அப்பா தெருவிலிருந்து ஓடி வந்தார்.

"இன்னா ஆச்சி?"

"எல்லாரையும் வெளிய இஸ்துகினு போங்க. அந்த சனியன நிறுத்துங்க. ஸ்டெல்லா எழுந்திரிக்கல."

"அசதில தூங்குறாடி. அத்த நிறுத்தினா அண்ணன்..."

"அண்ணன் போய்ட்டாரு. இவ உசுரோட கீறா."

கணவரை அப்படி எதிர்த்துப் பேசியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு ஸ்டெல்லாவைப் பார்த்தார். ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினார். அந்தச் சத்தம் நின்றதும் வீடு கிணறு மாதிரி ஆகிவிட்டது. தெருவில் இருந்த ஆண்கள் உள்ளே வந்து முன்பக்க ஜன்னல்களை அடித்துத் திறந்தார்கள். தூங்கியவர்களை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி மழையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். சிலர் மழை பட்டதும் விழித்து வாந்தி எடுத்தார்கள். சிலருக்கு நேரமாயிற்று.

பெரியம்மா மட்டும் வரமாட்டேன் என்றாள். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நாக்கு குழறியது. "அவர தனியா வுட்டுட்டு நா எங்கடி வர்றது? பொணத்த தனியா வுடுவாங்களா? நீங்க போங்க. எனக்கு இன்னா ஆவப்போவுது." இரண்டு ஆண்கள் இழுத்தும் அவள் பிடி தளரவில்லை. நான் அவள் காதருகில் குனிந்து சொன்னேன். "அக்கா, ஸ்டெல்லா எழுந்திரிக்கலக்கா. ஸ்டெல்லாவுக்கு நீ வோணும்." அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக்குள் இருந்த தன் புருஷன் முகத்தைப் பார்த்தாள். "இரு, வந்துர்றேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, கையை எடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே நடந்து வந்தாள். அந்த வீட்டில் பிணத்தோடு ஒருவரும் இல்லாமல் எல்லாரும் வெளியே வந்தோம். யார் என்ன சொல்வார்களோ என்று அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆட்டோ வராத தண்ணீர் அது. தெருமுனையில் இருந்த மீன்பாடி வண்டியைப் பிடித்து, பலகையில் பாய் விரித்து, ஸ்டெல்லாவைப் படுக்க வைத்தோம். பெரியம்மா தலைமாட்டில், நான் கால்மாட்டில். உன் அப்பா வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வந்தார். அறுந்த கம்பி கிடந்த இடத்தில் முன்னால் ஒருவர் கையை உயர்த்தி வண்டியை நிறுத்த, வேறு சந்து வழியாகச் சுற்றிப் போனோம். மேலே குடை பிடிக்கக்கூட முடியவில்லை. பெரியம்மா தன் முந்தானையால் மகள் வயிற்றை மூடிப் பிடித்திருந்தாள். அழவில்லை. "இன்னா கண்ணு, இன்னா கண்ணு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் முகத்தைப் பார்த்ததுமே டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்குள்ள ஜெனரேட்டர் வெச்சீங்களா? கரி அடுப்பு ஏதாவது?" உன் அப்பா ஆமாம் என்று தலையை ஆட்டினார். அவள் திட்டவில்லை. ஆக்சிஜன் வைத்தார்கள். அந்தப் புகையில் இருக்கும் விஷத்துக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, ரத்தத்தில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று எங்களுக்குச் சொன்னாள். தாயின் ரத்தத்திலிருந்து அது சீக்கிரம் இறங்கிவிடும், வயிற்றில் இருக்கும் குழந்தையின் ரத்தத்தைவிட்டு இறங்க வெகுநேரம் ஆகும் என்றும் சொன்னாள். அப்போதே அவள் முகத்தில் பதில் இருந்தது.

ஸ்டெல்லா பிழைத்துக்கொண்டாள். மறுநாள் விழித்து, முதலில் அப்பாவை எடுத்துவிட்டீர்களா என்று கேட்டாள். பிறகு வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். "அசயலயே சித்தி" என்றாள். அவ்வளவுதான். ஆண் குழந்தை. நல்ல முடி.

பெரியப்பாவை நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த அன்று மாலையே அடக்கம் செய்துவிட்டார்கள். பெட்டியில் குளிர் இல்லை, வேறு வழியும் இல்லை. சாமியார் மழையில் நனைந்துகொண்டே ஜெபம் சொன்னாராம். பெரியம்மா போகவில்லை. மகள் பக்கத்திலேயே இருந்துவிட்டாள். லாரன்ஸ் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஏர்போர்ட்டிலிருந்து பயணப் பெட்டியோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தான். நடந்ததைக் கேட்டதும் உன் அப்பாவின் சட்டையைப் பிடித்தான். "எங்கப்பாவ எனக்கோசரம் வெச்சிகினு இருந்தீங்களா? யாரு கேட்டா?" என்றான். உன் அப்பா கையைத் தட்டிவிடவில்லை. அவனே விட்டுவிட்டு, "நாந்தான கேட்டேன். வெச்சிருங்கன்னு நாந்தான போன்ல சொன்னேன்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்பாவின் சவப்பெட்டியைச் சுமக்க வந்த பையன், தங்கையின் குழந்தையை ஒரு சின்னப் பெட்டியில் மடியில் வைத்துக்கொண்டு கல்லறைக்குப் போனான். தாத்தா பக்கத்திலேயே இடம் கொடுத்தார்கள். மண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது, தோண்டுவது சுலபமாக இருந்தது என்று லாரன்ஸ் ஒருநாள் சொன்னான்.

இதில் யாரைக் குறை சொல்வது? எனக்கு அந்தக் கேள்வியே அலுத்துவிட்டது. உன் அப்பா அண்ணன் மேல் இருந்த பாசத்தில் செய்தார். நீ ஷீலா மேல் இருக்கும் பாசத்தில் செய்கிறாய். அந்தப் புகைக்கு அதெல்லாம் தெரியாது. உன் அப்பா அதற்குப் பிறகு பல வருஷம் பெரியம்மா வீட்டு வாசல்வரை போவார், உள்ளே போகமாட்டார். ஒருநாள் பெரியம்மாவே வெளியே வந்து, "உள்ள வந்து சோறு துன்னுட்டு போ, நீயும் எங்க தலையில பாரமா நிக்காத" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் வந்தார் என்று பாத்திமா சொன்னாள்.

பால்கனி வெளியே இல்லை, ஆல்பர்ட். மூன்று பக்கம் சுவரும் மேலே கூரையும் இருக்கும் இடம் வீட்டுக்குள்தான் சேர்த்தி. கதவைச் சாத்தினால் சத்தம்தான் நிற்கும், புகை நிற்காது. மாடிப்படிக்குக் கீழே, வராண்டாவில், கார் நிறுத்தும் இடத்தில், எங்கேயும் வேண்டாம். ஒரு கதவைத் திறந்து வைத்தால் போதும் என்றும் நினைக்காதே. அதற்கு இடம் கட்டடத்தைவிட்டு நன்றாகத் தள்ளி, திறந்த வெளியில், யாருடைய ஜன்னலையும் பார்க்காமல். உன் வீட்டை மட்டும் பார்க்காதே, மேல் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று ஷீலா சொன்னாளே. அப்படி வைக்க இடமில்லையா, மழையில் வைக்க முடியாதா, அப்படியானால் அதைப் போடாதே. ஃபேன் இல்லாமல் ஒருவரும் சாகமாட்டார்கள். ஈரத்துணியால் அவள் முகத்தையும் பாதத்தையும் துடைத்துவிடு, விசிறு, ராத்திரி முழுக்க விசிற வேண்டியிருந்தால் விசிறு. உன்னால் முடியாவிட்டால் அப்பா விசிறுவார். இல்லாவிட்டால் தண்ணீர் வடிந்ததும் அவளை இங்கே அழைத்து வந்துவிடு. எங்கள் தெருவில் நேற்றே கரண்ட் வந்துவிட்டது.

அந்த ஜெனரேட்டர் ஒயரைச் சுவர் பிளக்கில் சொருகி வீட்டுக்கே கரண்ட் கொடுக்கலாம் என்று எவனாவது சொல்லுவான். கேட்காதே. அது உன் வீட்டோடு நிற்காமல் தெருக் கம்பிக்கு ஏறும். கம்பத்தின்மேல் வேலை செய்பவனுக்கும் ஒரு வீடு இருக்கிறது. தண்ணீர் ஏறும் என்று தோன்றினால், கை காய்ந்திருக்கும்போதே மெயினை அணைத்துவிடு. தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடாதே. தெருவில் கம்பி கிடந்தால் அது செத்த கம்பி என்று யார் சொன்னாலும் நம்பாதே. குளிருக்கோ சமையலுக்கோ கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவராதே, அதுவும் இதே விஷம்தான். மெழுகுவர்த்தியை எவர்சில்வர் தட்டில் நிறுத்து, கொசுவலைக்குப் பக்கத்தில் வைக்காதே, எரியவிட்டுத் தூங்காதே. அப்பாவிடம் டார்ச்சும் புது பேட்டரியும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பிரிட்ஜில் இத்தனை நாள் கிடந்ததை நாக்கில் வைத்துப் பார்க்காமல் கொட்டிவிடு. இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கும் பாதி தெரியும். தெரிந்த பாதியை வைத்துக்கொண்டுதான் அன்றைக்கு எல்லாரும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தோம்.

இதை எழுத நான் யோசித்தேன். ஸ்டெல்லாவின் துக்கத்தை எடுத்து உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது. இப்போது இரண்டு தெரு தள்ளித்தானே இருக்கிறாள், காலையில் போனில் நீ சொன்னதைப் போய் அவளிடம் சொல்லி, எழுதட்டுமா என்று கேட்டேன். மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் இப்போது உயரத்தில் அம்மாவைத் தாண்டிவிட்டாள். பின்னலை முடித்து ரிப்பன் கட்டி, மகளை வெளியே அனுப்பினாள்.

பிறகு சொன்னாள். "எழுது சித்தி. நா கஷ்டப்படுவேன்னு பாதிய முழுங்காத, எல்லாத்தையும் எழுது. தல நோவுது, கண்ண சொருவுதுன்னு அந்தப் பொண்ணு சொன்னா, தைலம் தேச்சிகினு படுன்னு யாரும் சொல்ல வேணாம். எழுப்பி வெளிய இட்டுகினு போவ சொல்லு. அன்னிக்கு எல்லாரும் என்கிட்ட பாசமாத்தான் இருந்தீங்க. படுத்துக்கோ, படுத்துக்கோன்னீங்க. எழுந்திருன்னு ஒருத்தர்கூட சொல்லல."

இதை ஷீலாவுக்குப் படித்துக் காட்டு.

அம்மா